ஆற்றுக்கு டெல்லி வேண்டும், மண்ணுக்கு வேண்டாம்

காவிரி டெல்டாவின் போராட்டங்களைக் கொஞ்ச காலம் கவனித்தவர்களுக்கு ஒரு முரண் கண்ணில் பட்டிருக்கும். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறக்க வழியில்லாமல் போகிற ஆண்டுகளில், மத்திய அரசு உடனே தலையிட்டுத் தண்ணீர் வாங்கித் தர வேண்டும் என்று ரயில் மறியல் நடக்கும். அதே ஊர்களில் எண்ணெய்க் கிணறு தோண்ட வண்டி வந்து நின்றால், மத்திய அரசே வெளியேறு என்று சாலை மறியல் நடக்கும். கொடிகளும் ஆட்களும் பெரும்பாலும் அவையே, அவர்களே. ஆற்று விஷயத்தில் டெல்லிக்கு இன்னும் அதிகாரம் வேண்டும், மண் விஷயத்தில் டெல்லிக்கு அதிகாரமே கூடாது என்றால், இது சந்தர்ப்பவாதம் இல்லையா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பதில் "ஆமாம்" இல்லை. அது ஏன் என்று பார்க்க, அரசியல் சட்டம் ஆற்றையும் மண்ணையும் எப்படிப் பங்கு பிரித்திருக்கிறது என்று கொஞ்சம் தோண்ட வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடலாம். மேடைகளில் மாநில இறையாண்மை என்று முழங்குவது உண்டு. இந்தியச் சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. 1957-இல் நாடாளுமன்றம் நிலக்கரி நிலங்களைக் கையகப்படுத்த ஒரு சட்டம் கொண்டுவந்தது. மேற்கு வங்க அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், "எங்கள் எல்லைக்குள் நாங்களும் இறையாண்மை உள்ளவர்கள், மாநிலத்துக்குச் சொந்தமான நிலத்தை நீங்கள் எடுக்க முடியாது" என்று வாதாடியது. 1962 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஆறு நீதிபதிகளில் ஐந்து பேர் அந்த வாதத்தைத் தள்ளினார்கள். நீதிபதி சுப்பா ராவ் ஒருவர்தான் மாநிலத்தின் பக்கம் நின்றார். அதற்குப் பிறகு மாநிலங்கள் பேச முடிந்ததெல்லாம் சுயாட்சிதான். தமிழ்நாடு அதைச் சற்று உரக்கவே பேசியது. மத்திய-மாநில உறவை ஆராய 1969-இல் ராஜமன்னார் குழு அமைத்தது, 1971-இல் அறிக்கை வந்தது, 1974 ஏப்ரலில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. டெல்லி அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஆக, சண்டை நடப்பது இறையாண்மை என்ற உயரத்தில் அல்ல. அதிகாரங்களை மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல் என்று பிரிக்கும் ஏழாவது அட்டவணையில் எந்த இனம், அதாவது எந்த அதிகாரத் தலைப்பு, யார் பட்டியலில் இருக்கிறது என்கிற தரைமட்டத்தில்.

தண்ணீர், பாசனம், வாய்க்கால் எல்லாம் மாநிலப் பட்டியலின் 17-ஆவது இனம். ஆனால் அந்த இனத்திலேயே ஒரு கொக்கி இருக்கிறது: மத்தியப் பட்டியலின் 56-ஆவது இனத்துக்கு உட்பட்டது என்று. அந்த 56, மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறுகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. அதைப் பயன்படுத்தி 1956-இல் நதி வாரியச் சட்டம் இயற்றினார்கள். அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு வாரியம்கூட இதுவரை அமைக்கவில்லை. இது வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் காவிரிக் கதையின் பாதி இதில் அடங்கிவிடும். டெல்லிக்கு அதிகாரம் இருந்தது. எடுத்துப் பயன்படுத்தத்தான் மனம் இல்லை.

அதே 1956-இல் வந்த இன்னொரு சட்டம், மாநிலங்களின் ஆற்று நீர்த் தாவாக்களைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பும் சட்டம். அரசியல் சட்டத்தின் 262-ஆவது பிரிவு, இந்த வழக்குகளில் உச்ச நீதிமன்றமே நுழையாதபடி தடுக்க நாடாளுமன்றத்துக்கு அனுமதி தருகிறது. நாடாளுமன்றமும் தடுத்தது. அதாவது தாவாவைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பும் சாவி மத்திய அரசின் கையில் மட்டும் இருந்தது.

அந்தச் சாவிக்காக டெல்டா காத்திருந்த காலத்தை நினைத்தால் அலுப்பாக இருக்கும். 1892-லும் 1924-லும் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் போட்ட ஒப்பந்தங்களில், மேலே புதிய அணை கட்டக் கீழே இருப்பவரின் சம்மதம் வேண்டும் என்பது அடிப்படை. (அப்போதும் மேலே ஒரு டெல்லி உட்கார்ந்திருந்தது. 1914-இல் நீதிபதி கிரிஃபின் மைசூருக்குச் சாதகமாகச் சொன்ன தீர்ப்பை இந்திய அரசு ஏற்றுக்கொண்டது. சென்னை மாகாணம் விடாமல் லண்டனில் இருந்த இந்தியச் செயலர் வரை மேல்முறையீடு செய்து அதைத் திறக்க வைத்தது.) 1924 ஒப்பந்தம் 50 ஆண்டு முடிந்த 1974-இல் காலாவதியாகிவிட்டது என்றது கர்நாடகம். தமிழ்நாடு அதற்கு முன்பே 1971-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தது. பேசித் தீர்க்கலாம் என்று பிரதமர் இந்திரா காந்தி சொன்னதால் அடுத்த ஆண்டே அதைத் திரும்பப் பெற்றது. பேச்சு இழுத்துக்கொண்டே போனது. டெல்டா விவசாயிகளின் சங்கம் ஒன்று 1983-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், தீர்ப்பாயம் அமைக்க உத்தரவிடுங்கள் என்று கேட்டது. அந்த உத்தரவு 1990 மே மாதம் வந்தது. ஜூன் 2-இல் தீர்ப்பாயம் அமைந்தது.

1991 ஜூனில் தீர்ப்பாயம், தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) விடச் சொல்லிக் கர்நாடகத்துக்கு இடைக்கால உத்தரவு போட்டது. அடுத்த மாதமே கர்நாடகம் ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தது. தன் எல்லைக்குள் ஓடும் தண்ணீரைத் தன் பாசனத்துக்குக் காப்பாற்றிக்கொள்ளும் சட்டம். மாநிலச் சுயாட்சியின் வாசகம் அப்படியே அதில் இருந்தது: தண்ணீர் எங்கள் பட்டியல், பாசனம் எங்கள் பட்டியல், நாங்கள் முடிவு செய்கிறோம். குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டு அனுப்ப, உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு நவம்பரில் அந்தச் சட்டம் செல்லாது என்றது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக ஒரு மாநிலம் இருக்க முடியாது என்பதுதான் காரணத்தின் சாரம்.

இங்கே டெல்டாக்காரர்கள் நின்று யோசிக்க வேண்டும். காவிரியில் நம் வழக்கு, உண்மையில் மாநில இறையாண்மைக்கு எதிரான வழக்கு. கர்நாடகம் சொன்னது, தமிழ்நாடு வேறு மேடைகளில் சொல்வதுதான். தமிழ்நாடு கேட்டது, மேலே ஒரு பொது அதிகாரம் வந்து பங்கிட்டுக் கொடுக்க வேண்டும் என்பது. உச்ச நீதிமன்றத்தின் 2018 பிப்ரவரி 16 தீர்ப்பு இதை இன்னும் வெளிப்படையாகவே சொன்னது: மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறு நாட்டின் சொத்து, எந்த ஒரு மாநிலமும் அதற்குத் தனி உரிமை கொண்டாட முடியாது. ஒரு வாய்க்காலில் மேல்மடைக்காரர் "என் வயலோரம் ஓடுகிற வரைக்கும் இது என் தண்ணீர்" என்று சொன்னால் ஊரில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் அல்லவா, அதே நியாயம். கடைமடையில் இருப்பவருக்கு இறையாண்மையால் ஒரு பயனும் இல்லை. பங்கீட்டு விதியால்தான் பயன்.

சரி, விதி கிடைத்தது. நிறைவேற்றியது யார்? 2007 பிப்ரவரி 5-இல் தீர்ப்பாயத்தின் இறுதித் தீர்ப்பு: மொத்தம் 740 டிஎம்சியில் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7, மீதி சுற்றுச்சூழலுக்கும் கடலுக்கும். அதை அரசிதழில் வெளியிடவே 2013 பிப்ரவரி ஆகிவிட்டது, அதுவும் உச்ச நீதிமன்றம் நெருக்கிய பிறகு. 2016 செப்டம்பரில் மேலாண்மை வாரியம் அமைக்க நீதிமன்றம் சொன்னபோது, அக்டோபர் 3-இல் மத்திய அரசு வந்து, அதற்கு உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை, அது நாடாளுமன்றத்தின் வேலை என்றது. 2018-இல் நீதிமன்றம் ஆறு வாரக் கெடு கொடுத்தது. கெடு முடிந்தபின், "ஸ்கீம்" என்று தீர்ப்பில் சொன்னதற்கு விளக்கம் வேண்டும் என்றும், கர்நாடகத்தில் தேர்தல் நடப்பதால் அவகாசம் வேண்டும் என்றும் மத்திய அரசு மனுப் போட்டது. தேர்தல் முடிந்து, ஜூன் 1-இல்தான் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அரசிதழில் வந்தது.

இதில் கட்சி பேதம் பார்க்க ஒன்றுமில்லை. 2007 முதல் 2013 வரை இழுத்தடித்தது ஒரு கட்சியின் அரசு, 2018-இல் இழுத்தடித்தது இன்னொரு கட்சியின் அரசு. கர்நாடகத்தில் இரண்டுக்கும் ஆட்சியைப் பிடிக்கும் வாய்ப்பு உண்டு. தமிழ்நாட்டில் இரண்டுக்கும் அப்படி ஒரு வாய்ப்பு கிடையாது. டெல்லி நடுவர் என்பது சட்டப் புத்தகத்தில். நடைமுறையில் அது ஓட்டுக் கணக்கு பார்க்கிற ஒரு தரப்பு.

2018 தீர்ப்பில், மாநில எல்லையில் தண்ணீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் கர்நாடகத்திடம் இருந்து நமக்கு வர வேண்டியது 192-இல் இருந்து 177.25 டிஎம்சியாகக் குறைந்தது. குறைந்த 14.75-இல் 4.75 பெங்களூரு குடிநீருக்கு. மீதி 10, டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது என்ற கணக்கில். தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் போர் போட்டால் வருகிற உப்புத் தண்ணீரை நினைத்தால் அந்தக் கணக்கு உறுத்தும். ஆனால் பெரிய குறை அதுவல்ல. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் அணை நிரம்பித் தானே வருகிறது, ஆணையமே தேவையில்லை. மழை பொய்த்த ஆண்டில் பற்றாக்குறையை எந்த விகிதத்தில் பகிர்வது என்பதற்கு இரு மாநிலமும் ஒப்புக்கொண்ட சூத்திரம் இல்லை. 2023-இல் அதுதான் நடந்தது. அட்டவணைப்படி ஆகஸ்ட் மாதத்துக்கு 45.95 டிஎம்சி வர வேண்டும். ஆணையம் மாதக் கடைசியில் சொன்னது, 15 நாளைக்கு நொடிக்கு 5,000 கன அடி. ஒரு டிஎம்சி என்பது ஒரு நாள் முழுக்க நொடிக்கு 11,574 கன அடி. அப்படியானால் அந்த 15 நாளில் மொத்தம் ஆறரை டிஎம்சிதான் தேறும். அதற்கே பெங்களூருவில் பந்த் நடந்தது. இங்கே குறுவை காய்ந்தது. ஆணையத்துக்கு அணையின் ஷட்டரைத் தூக்கும் அதிகாரம் கிடையாது. மாநிலம் ஒத்துழைக்காவிட்டால் மத்திய அரசிடம்தான் போய் நிற்க வேண்டும்.

இப்போது மண்ணுக்கு வருவோம்.

மண்ணுக்கு மேலே இருப்பது மாநிலத்தின் கணக்கு: விவசாயம் 14-ஆவது இனம், நிலம் 18-ஆவது இனம். மண்ணுக்குக் கீழே எண்ணெயோ எரிவாயுவோ இருந்தால் அது மத்தியப் பட்டியலின் 53. ஆற்று விஷயத்தில் இருந்தது போல இழுபறி இங்கே இல்லை. குஜராத் அரசு 2001-இல் எரிவாயுவுக்குத் தானே ஒரு சட்டம் போட்டுப் பார்த்தது. 2004-இல் உச்ச நீதிமன்றம், இயற்கை எரிவாயு எந்த வடிவில் இருந்தாலும் 53-க்குள் அடக்கம், மாநிலம் சட்டம் இயற்ற முடியாது என்று அடித்துவிட்டது.

ஆனால் சட்டத்தில் தோற்கிற மாநிலத்துக்கு நிர்வாகத்தில் ஒரு பிடி உண்டு. டெல்டாவின் அரசியலே அந்தப் பிடியைச் சுற்றித்தான் இருபது ஆண்டுகளாக ஓடுகிறது. கடலுக்குள் என்றால் குத்தகையை மத்திய அரசே கொடுத்துவிடும். தரையில், மாநிலத்துக்கு உரிய கனிமம் என்றால், எண்ணெய், எரிவாயு விதிகளின்படி மத்திய அரசின் முன் ஒப்புதலோடு குத்தகையைக் கொடுக்க வேண்டியது மாநில அரசு. ஏலம் விடுவது டெல்லி, கையெழுத்துப் போடுவது சென்னை. கச்சா எண்ணெய்க்கான ராயல்டியும் தரையில் எடுத்தால் மாநிலக் கஜானாவுக்குப் போகிறது. கையெழுத்துப் போடாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நெடுவாசல் உதாரணம். 2017 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவைக் குழு அந்த வட்டாரத்தை ஒரு தனியார் நிறுவனத்துக்கு ஒதுக்கியது. ஊர் கொந்தளித்தது. பழைய குத்தகையைப் புதிய நிறுவனத்தின் பெயருக்கு மாநில அரசு மாற்றித் தரவில்லை. எந்த நீதிமன்றமும் தடை போடவில்லை, திட்டம் மட்டும் நகரவில்லை.

இந்தப் பிடியைப் பயன்படுத்த மாநில அரசுக்கு எப்போதும் மனம் இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. மன்னார்குடி மீத்தேன் திட்டத்துக்கு 2010-இல் மத்திய அரசு ஒப்பந்தம் போட்டது. 2011 ஜனவரியில் மாநில அரசும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. நிலக்கரிப் படுகையில் இருந்து மீத்தேன் எடுக்க வேண்டுமானால் முதலில் அங்கிருக்கும் நிலத்தடி நீரை இறைத்து வெளியேற்ற வேண்டும் என்பது மெல்ல மெல்லத்தான் ஊருக்குள் பரவியது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் தன் கடைசி ஆண்டில் ஊர் ஊராகப் போய்ச் சொன்னது இதைத்தான். 2013 டிசம்பர் 30-இல் பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில் அவர் இறந்தபோதும் அந்தப் பிரசாரம் முடிந்திருக்கவில்லை. மாநில அரசு திட்டத்தை நிராகரித்தது 2015-இல். 2017 ஜூன் 30-இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து மக்கள் திரண்டபோது தடியடி நடத்தியது மத்தியப் படை இல்லை, நம் மாநிலக் காவல்துறை. சட்டம் ஒழுங்கு மாநிலப் பட்டியல் என்பதை டெல்டா அன்று வேறு விதமாகத் தெரிந்துகொண்டது.

2020 ஜனவரியில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ஆய்வுக் கிணறு தோண்ட இனி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை என்று. கூட்டத்தில் நின்று நாலு வார்த்தை பேசும் வாய்ப்பும் போயிற்று. மூன்று வாரம் கழித்து, பிப்ரவரி 9-இல், அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆகும் என்று அறிவித்தார். பிப்ரவரி 20-இல் அதற்கான சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தஞ்சாவூர், திருவாரூர், அப்போது மயிலாடுதுறையும் சேர்ந்திருந்த நாகப்பட்டினம், கூடவே கடலூரில் ஐந்து ஒன்றியம், புதுக்கோட்டையில் ஐந்து ஒன்றியம். துத்தநாக உருக்காலை, தாமிர உருக்காலை, தோல் பதனிடும் ஆலை, இவற்றோடு எண்ணெய், எரிவாயு ஆய்வும் தோண்டலும் தடை.

இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் 53-ஆவது இனம் தெரியாதவர்கள் அல்ல. எண்ணெயைப் பற்றிய சட்டம் என்று எழுதினால் குஜராத்துக்கு நேர்ந்ததுதான் நேரும். அதனால் விவசாயத்தைப் பற்றிய சட்டமாக எழுதினார்கள். ஒரு சட்டத்தின் உண்மையான சாரம் எந்த இனத்தில் விழுகிறது என்றுதான் நீதிமன்றம் பார்க்கும், ஓரத்தில் இன்னொரு பட்டியலைத் தொட்டுக்கொண்டு போனால் மன்னிக்கும். சாமர்த்தியமான வழிதான். ஆனால் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் வேலைகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. திருச்சி, அரியலூர், கரூர் மாவட்டங்கள் மண்டலத்துக்குள் சேரவில்லை.

டெல்லி இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதாகவும் காட்டிக்கொள்ளவில்லை. 2021 ஜூனில் கறம்பக்குடி பக்கம் வடதெரு ஏல அறிவிப்பில் வந்தது. கறம்பக்குடி மண்டலத்துக்குள் இருக்கும் ஒன்றியம். முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 2023 மார்ச் கடைசியில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள பகுதி ஆகிய மூன்றும் நிலக்கரி ஏலப் பட்டியலில் இருந்தன. மறுபடி கடிதம், சட்டமன்றத்தில் எல்லாக் கட்சியும் ஒரே குரல். ஏப்ரல் 8-இல் மத்திய அமைச்சர் பிரகலாத் ஜோஷி மூன்றையும் நீக்கிவிட்டதாக அறிவித்தார். ஊரில் பட்டாசு வெடித்தாலும் இதைக் கவனிக்க வேண்டும்: நீக்கியது ஓர் அமைச்சரின் முடிவு, சட்டம் கட்டாயப்படுத்தி அல்ல. அமைச்சர் மனம் மாறினால் பட்டியலும் மாறும்.

ஆற்றில் ஒப்பந்தம் இருந்தும் சம்மதம் கேட்காமல் கர்நாடகம் அணை கட்டியது. மண்ணில் சம்மதம் கேட்கத் தேவையே இல்லை என்று டெல்லி விதி எழுதியது. டெல்டா இரண்டு இடத்திலும் கேட்பது ஒன்றுதான், எங்களைப் பாதிக்கிற முடிவை எங்களைக் கேட்டு எடுங்கள் என்று. ஓரிடத்தில் அதைப் பெற்றுத் தரக்கூடியது டெல்லி, இன்னோரிடத்தில் அதைப் பறிப்பது டெல்லி. மறியல் கோஷம் மாறுவது அதனால்தான்.

நெல்லிலும் இதே கதை, சின்ன அளவில். விவசாயம் மாநிலப் பட்டியல். ஆனால் ஆதார விலையை நிர்ணயிப்பது டெல்லி, கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு 17 சதவீத ஈரப்பதம் என்று வரம்பு போடுவதும் டெல்லி. குறுவை அறுப்பு ஐப்பசி மழையோடு மோதுகிற ஆண்டுகளில் நெல் சாலையோரம் குவிந்து முளைவிடும். மாநில அரசு 22 வரை தளர்த்தச் சொல்லிக் கடிதம் எழுதும். டெல்லியில் இருந்து குழு வந்து நெல்லை அள்ளிப் பார்த்துவிட்டுப் போகும். உத்தரவு வரும்போது சில ஆண்டு 19 என்றும் 20 என்றும் இருக்கும், அதற்குள் பாதி நெல்லை வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்திருப்பார்கள்.

டெல்லியைத் திட்டிக்கொண்டே இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு, சென்னையை யாரும் கேட்க மாட்டார்கள். காரைக்காலில் கேட்டுப் பாருங்கள். அரசலாற்றின் கடைசியில், நான்கு பக்கத்தில் மூன்றில் தமிழ்நாடு சூழ இருக்கிறது. தீர்ப்பாயம் கொடுத்த 7 டிஎம்சி தமிழ்நாட்டின் வாய்க்கால்கள் வழியாகத்தான் வர வேண்டும். அந்த 7 ஒழுங்காக வருவதில்லை என்று அங்குள்ள விவசாயிகள் சொல்வதும், பிலிகுண்டுலுவில் நின்று நாம் கர்நாடகத்தைப் பார்த்துச் சொல்வதும் ஒரே புகார். வேளாண் மண்டலச் சட்டம் காரைக்கால் எல்லையோடு நின்றுவிடுகிறது. மத்திய அரசின் எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசியின் காவிரிப் படுகை அலுவலகம் இருப்பதும் அங்கே, நிரவியில்தான்.

ஊராட்சிகளின் நிலைமை இதைவிட மோசம். நெடுவாசல் தொடங்கி எத்தனையோ ஊர்களில் கிராம சபை கூடி ஹைட்ரோகார்பன் (எண்ணெய், எரிவாயு) வேண்டாம் என்று தீர்மானம் போட்டிருக்கிறது. அந்தத் தீர்மானத்துக்குச் சட்டத்தில் மதிப்பு ஒன்றும் இல்லை. அட்டவணைப் பகுதி என்று அறிவித்த பழங்குடிக் கிராமங்களுக்கு 1996-இல் வந்த பெசா சட்டம் சிறு கனிம விஷயத்தில் கிராம சபைக்கு ஒரு வாய் கொடுக்கிறது. சமவெளி டெல்டாவுக்கு அது பொருந்தாது. குத்தகையில் கையெழுத்துப் போடும் முன் அந்த ஊரின் கிராம சபையைக் கேட்பேன் என்று மாநில அரசு தனக்குத்தானே ஒரு விதி போட்டுக்கொள்ளலாம். உள்ளாட்சி மாநிலப் பட்டியலின் 5-ஆவது இனம், இதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை. மண்டலச் சட்டத்தில் திருச்சியையும் அரியலூரையும் கரூரையும் சேர்க்கவும் அந்த அனுமதி தேவையில்லை. இரண்டு பெரிய கட்சிகளும் மாறி மாறி ஆண்ட இந்த ஆண்டுகளில், சுயாட்சித் தீர்மானங்களுக்கு இருந்த அவசரம் இந்த விதிக்கு இருந்ததில்லை.